இடது பெருவிரல் ரேகை

கும்மிடிப்பூண்டி
4-11-1978, சனிக்கிழமை, மாலை 6 மணி 20 நிமிடம்

அக்காவுக்கு,

நோட்டுகள் மொத்தம் 326. பத்து ரூபாய் 214, ஐந்து ரூபாய் 112. ஆக 2,700 ரூபாய். பணத்தைக் கொண்டுவந்த துளசிராமன் முன்னாலேயே இரண்டு தடவை எண்ணினேன். சித்தப்பா மகனிடம் இன்னாத்துக்கு எண்ணிக்கை என்று முகத்தைச் சுளித்தான். எண்ணாமல் வாங்கினால் அது பணம் இல்லை, பொட்டலம். பதினொரு நோட்டுகள் ஈரத்தில் ஒட்டியிருந்தன. ஆலையில் கொதிகலன் பக்கத்துச் சுவரில் வைத்துக் காயவைத்தேன். கருவாட்டு வாசனை மட்டும் போகவில்லை.

வீடு பொன்னேரியில், ரயிலடியிலிருந்து பதினோரு நிமிட நடை. தொழிலாளர்களுக்காகக் கூட்டுறவுச் சங்கம் ஒன்று கட்டுகிறது. விலை 14,500. முதலில் 4,000 கட்ட வேண்டும், மீதியைப் பன்னிரண்டு வருஷம் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள். என்னிடம் இருந்தது 1,300. நைனா கொடுத்தது 2,700. கச்சிதமாகப் பொருந்திவிட்டது.

இவ்வளவு பணம் நைனாவிடம் எப்படி வந்தது என்று எழுது.

இங்கே எல்லாம் சரி. அங்கேயும் சரியாகத்தான் இருக்கும்.

மணவாளன்


நடுத்திட்டுக் குப்பம்
12-11-78

தம்பி மணவாளனுக்கு அக்கா செங்கம்மாள் எழுதுவது. இங்கே நைனாவும் நானும் சுகமாக இருக்கிறோம். உன் வயிற்று வலி தேவலையா? மெஸ்ஸில் காரம் குறைத்துப் போடச் சொல்.

கடிதத்தைப் படித்துக் காட்டினேன். "முந்நூத்தி இருபத்தாறா? நான் எண்ணும்போது ஒண்ணு கம்மியா வந்துச்சே. சரி, டிப்ளமா படிச்சவன் எண்ணினா சரியாத்தான் இருக்கும்" என்றார் நைனா. இறால் வாங்க வருகிற ரோசம்மாளிடம் பதினாறு வருஷமாகக் கொடுத்து வைத்த பணம் அது. அம்மா செத்த வருஷம் ஆரம்பித்தது. எதற்கு என்று எனக்கே சொன்னதில்லை. நீ வீடு என்று எழுதினாய், மறுநாளே போய்க் கேட்டு வாங்கி வந்தார்.

ஊட்டுல எத்தினி ரூமு, ஜன்னல் எந்தப் பக்கம், மழை பெஞ்சா தரையில தண்ணி ஏறுமா என்று மூன்று கேள்வி கேட்கச் சொன்னார்.

இந்த மாதம் சீட்டுப் போட்டதில் நம் பாடு இரண்டே நாள். ஏரியில் அந்த இரண்டு நாள்தான் நம் தலைக்கட்டு வலை போடலாம். நைனாவுக்குப் பதில் துளசிராமன் போய்ப் பாதி கொடுத்தான். அதில்தான் அடுப்பு எரிகிறது.

வேளைக்குச் சாப்பிடு.

அக்கா


கும்மிடிப்பூண்டி
16-11-78, காலை 7.05

அக்காவுக்கு,

அறை இரண்டு. ஜன்னல் கிழக்கே. தண்ணீர் ஏறாது, இரண்டு அடி உயர்த்திக் கட்டியிருக்கிறார்கள்.

ஒரு வேலை இருக்கிறது. 2,700 யார் கொடுத்தது என்று சங்கத்தில் கேட்டார்கள். அப்பா என்றேன். கடனா, இனாமா என்றார்கள். கடன் என்றால் மனுவைத் தள்ளிவிடுவார்கள், இருக்கிற சம்பளத்தில் இரண்டு கடன் தாங்காதாம். இனாம் என்றால் அதற்கு ஒரு படிவம். இதோடு அனுப்பியிருக்கிறேன். பணத்தைத் திருப்பிக் கேட்கமாட்டேன், வீட்டில் எனக்கு உரிமை கிடையாது, என் வாரிசுகளுக்கும் கிடையாது, இதுதான் அதில் இருப்பது. கீழே நைனா இடது பெருவிரல் ரேகை வைக்க வேண்டும். வாரிசு என்ற இடத்தில் நீ கையெழுத்துப் போட வேண்டும். பிறகு இரண்டு சாட்சி. எங்கெங்கே என்று பென்சிலால் புள்ளி வைத்திருக்கிறேன்.

இது சட்டம். வருத்தப்பட ஒன்றுமில்லை.

இன்னொன்று. சுகமாக இருக்கிறோம், வயிற்று வலி தேவலையா என்று ஆரம்பத்தில் எழுதுவதை விட்டுவிடு. நான் படிப்பதில்லை. எல்லாக் கடிதத்திலும் அதே இரண்டு வரிதான், மூன்றாவது வரியிலிருந்துதான் பார்ப்பேன். அந்த இடத்தில் விஷயத்தை எழுது.

மணவாளன்


நடுத்திட்டுக் குப்பம்
30-11-78

தம்பிக்கு, நீ படிக்காவிட்டாலும் எழுதாமல் எனக்கு ஆரம்பிக்க வராது. இங்கே நைனாவும் நானும் சுகம். நீ இளைத்துப் போயிருக்கிறாய் என்று துளசிராமன் சொன்னான்.

படிவம் எழுதி முடித்தாயிற்று. பஞ்சாயத்து ஆபீசிலிருந்து மைப்பெட்டி வாங்கி வந்தோம். நைனாவுக்கு இப்போது கை நடுங்குகிறது. வலது கையால் இடது கையைப் பிடித்துக்கொண்டு வைத்தார்.

சாட்சிக்கு வந்த சுப்பராயன் மாமா படிவத்தை உரக்கப் படித்தார். "இன்னா ரங்கசாமி, உம் புள்ள ஊட்டுல நீ குந்தக்கூடக் கூடாதுன்னு எழுதிக்கீதே" என்று கிண்டல். "குந்தறதுக்கு இன்னாத்துக்கு உரிமை? போய்க் குந்திட்டா குந்தினதுதான்" என்றார் நைனா. "பெத்தவன் குடுத்ததுக்கு ரெண்டு சாட்சியா? இவனைப் பெத்ததுக்கே ஒரு சாட்சிதான், அவளும் போய்ட்டா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். மருத்துவச்சியைச் சொல்கிறார் என்று முதலில் நினைத்தேன். அம்மாவைச் சொன்னார்.

நானும் நீ புள்ளி வைத்த இடத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

பொங்கலுக்கு வருவாயா என்று நைனா கேட்கிறார்.

அக்கா


கும்மிடிப்பூண்டி
13-12-78, மாலை 5.40

அக்காவுக்கு,

படிவத்தைத் திருப்பிவிட்டார்கள். நைனா வைத்தது ரேகை இல்லை, மைக் கறை. ஒரு கோடுகூடத் தெரியவில்லை. இழுபட்டிருக்கிறது. சங்கத்துக் குமாஸ்தா அதை என் முகத்துக்கு நேரே ஆட்டி, "விரல் வச்சாரா, வெள்ளை அடிச்சாரா" என்று கேட்டான். நான் தலை குனிந்து நிற்க வேண்டியிருந்தது.

புதுப் படிவம் இதில் இருக்கிறது. செய்ய வேண்டிய முறையை எழுதுகிறேன், ஒழுங்காகப் படி. மை கொஞ்சமாகத் தடவ வேண்டும். விரலைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்திருக்க வேண்டும். இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கம் ஒரே ஒரு தடவை உருட்டி எடுக்க வேண்டும். கை அசையக் கூடாது. அசைந்தால் வீண். இது ஒரு பெரிய காரியமே இல்லை, சொன்னபடி செய்தால் போதும்.

கடைசி நாள் ஜனவரி 20, மாலை ஐந்து மணி. தவறினால் ஜாபிதாவில் எனக்கு அடுத்த ஆளுக்கு வீடு போய்விடும். அவன் பணத்தோடு காத்துக்கொண்டிருக்கிறான். அதனால் அங்கே யாருக்கு என்ன ஆனாலும் தாள் வந்தாக வேண்டும்.

பொங்கலுக்கு வரமாட்டேன். இரட்டை ஷிப்டு.

மணவாளன்


நடுத்திட்டுக் குப்பம்
10-1-79

தம்பிக்கு, இங்கே நான் சுகம். உன் உடம்பு எப்படி? பனியில் வெளியே போகும்போது காதைக் கட்டிக்கொள்.

படிவம் எழுதி முடித்தேன். தபாலை நம்பாமல் துளசிராமனிடம் கொடுத்து அனுப்புகிறேன். நைனா சொன்னபடியே செய்திருக்கிறேன். ரேகை தெளிவாக இருக்கிறதா என்று பார். இதுவும் ஆகவில்லை என்றால் இனி என்னால் ஆகாது.

பொங்கலுக்கு வரவேண்டாம்.

அக்கா


கும்மிடிப்பூண்டி
18-1-79, பகல் 1.15

அக்காவுக்கு,

படிவத்தை ஏற்றுக்கொண்டார்கள். இப்படித்தான் வேண்டும். முதலிலேயே இப்படிச் செய்திருந்தால் ஒரு மாதம் மிச்சமாகியிருக்கும். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு கோடும் தனித்தனியாக நிற்கிறது, கடைசல் எந்திரத்தில் வெட்டின மாதிரி. நடுவில் ஒரு வெட்டுத் தழும்பு, அதுகூடத் தெரிகிறது. நைனாவின் கை நடுக்கம் நின்றுவிட்டதா? என்ன மருந்து கொடுத்தாய்? எங்கள் ஃபோர்மனுக்கும் அதே தொந்தரவு, எழுது, சொல்கிறேன்.

துளசிராமனுக்கு என்ன வந்தது? தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு ஆலை வாசலிலேயே நின்றான். டீ வாங்கித் தருகிறேன் என்றேன். "வேணாம், நேரமாவுது" என்று போய்விட்டான். நைனா எப்படி என்றதற்கு, "கடுதாசியில இருக்குது" என்றான். கடிதத்தில் நீ வைத்த படிவத்தைத் தவிர ஒன்றும் இல்லை.

பிப்ரவரி 9, தை வெள்ளி, காலை 6.30 மணிக்குப் பால் காய்ச்சல். முதல் நாளே நீயும் நைனாவும் வந்துவிட வேண்டும். பழவேற்காட்டிலிருந்து பஸ்ஸுக்குப் பத்து ரூபாய் இதில் வைத்திருக்கிறேன். குந்தப் போகிறேன் என்றாரே, வந்து குந்தட்டும்.

மணவாளன்


நடுத்திட்டுக் குப்பம்
3-2-79

தம்பிக்கு, இங்கே நான் சுகமாக இருக்கிறேன். வயிற்று வலிக்கு ஓமத் தண்ணீர் குடி.

நாங்கள் வருவதற்கில்லை. நைனாவால் வர முடியாது. தாலி அறுத்தவள் நான் வந்து பால் காய்ச்சும் இடத்தில் நிற்பதும் சரிப்படாது. பக்கத்து வீட்டில் யாராவது சுமங்கலியைக் கூப்பிட்டு அடுப்புப் பற்றவைக்கச் சொல். பால் கிழக்கே பொங்க வேண்டும். குறித்த நாளை மட்டும் தள்ளாதே. யார் சொன்னாலும் தள்ளாதே.

பத்து ரூபாயைத் திருப்பி வைத்திருக்கிறேன்.

முடிந்ததும் ஒரு வரி எழுதிப்போடு.

அக்கா


பொன்னேரி
13-2-79, மாலை 6 மணி

அக்காவுக்கு,

முடிந்தது. ஒன்பதாம் தேதி 6.34க்குப் பால் பொங்கியது. எந்தப் பக்கம் என்று பார்க்கவில்லை. எதிர்வீட்டு ஃபிட்டரின் மனைவி செண்பகம் வந்து பற்றவைத்தாள். "உங்க ஆளுங்க யாரும் வரலையா?" என்று கேட்டாள். பஸ் தவறிவிட்டது என்றேன். நாலு பேர் காபி குடித்தோம். ஐந்து பேருக்கான டம்ளர் வாங்கியிருந்தேன், பிறகு வேறு ஒன்று நைனாவுக்குத் தனியாக, பெரியது. மீந்த இரண்டும் அட்டைப் பெட்டியில் இருக்கின்றன.

என்ன கோபம் உங்களுக்கு? படிவத்தில் எழுதியிருந்ததற்காகவா? அது சட்டம் என்று சொல்லிவிட்டேன். நைனாவுக்குப் பிடிவாதம் என்றால் உனக்கு அதைவிட. கிழக்கு ஜன்னல் ஓரம் அவருக்கு ஒரு கட்டில் போட இடம் அளந்து வைத்தேன். ஆறுக்கு இரண்டரை அடி. இப்போது அங்கே சைக்கிள் நிற்கிறது.

உள் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்க 41 ரூபாய் ஆகும். கையில் வேறு தாள் இல்லாமல், சங்கம் திருப்பிய அந்தப் பழைய படிவத்தின் பின்பக்கம்தான் கணக்குப் போட்டேன்.

நைனாவிடம் சொல். வர இஷ்டமில்லை என்றால் அவர் வாயால் சொல்லட்டும்.

மணவாளன்


நடுத்திட்டுக் குப்பம்
17-2-79

தம்பிக்கு,

பால் பொங்கிவிட்டது என்று எழுதினாய். இனி சொல்லலாம்.

நைனா ஜனவரி ஆறாம் தேதி சனிக்கிழமை போய்விட்டார். மூன்று நாள் காய்ச்சல். பொன்னேரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகப் படகு பிடித்தோம். வேண்டாம் என்றுவிட்டார்.

நீ அனுப்பிய இரண்டாவது படிவம் வந்ததிலிருந்து தினமும் காலண்டர் தாளின் பின்னால் விரலை வைத்துப் பழகினார். சோப்புப் போட்டுக் கழுவித்தான். எல்லாம் இழுபட்டது. "உன் தம்பி இன்னா சொன்னான், அசையக் கூடாதுன்னானா?" என்று மறுபடி மறுபடி கேட்பார். நல்ல தாளில் சாட்சிகள் முன்பே கையெழுத்துப் போட்டிருந்தார்கள், அதைத் தொடவே பயம், கெட்டுவிட்டால் இன்னொன்று கேட்க வேண்டுமே என்று.

வெள்ளிக்கிழமை என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். "செங்கம்மா, அவனுக்குத் தந்தி அடிக்காதே. வருவான். மொட்டை போடுவான். வருஷம் திரும்பாம புது ஊட்டுக்குப் போவக் கூடாதுன்னு இந்தக் கிழவனுங்க புடிச்சிக்குவானுங்க. சங்கத்துக்காரன் இன்னொருத்தனுக்குத் தூக்கிக் குடுத்துடுவான். பதினாறு வருஷம் போச்சுன்னு ஆயிடும். பால் காச்சினப்புறம் சொல்லு." பிறகு கையைத் தூக்கிக் காட்டினார். "இப்ப நடுங்குது. நாளைக்கு நடுங்காது. அப்ப வச்சிக்கோ." சொல்லிவிட்டுச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

குளிப்பாட்டுவதற்கு முன்னால் நான்தான் எடுத்தேன். துளசிராமன் தாளைப் பிடித்துக்கொண்டான். நீ எழுதியபடி இடமிருந்து வலமாக, ஒரே தடவை. நன்றாக வந்துவிட்டது. தழும்பு வலையில் சிக்கிய மீன் முள் கிழித்தது, உன்னைத் தோளில் வைத்துக்கொண்டு வலை இழுத்த நாளில்.

கொள்ளி துளசிராமன் வைத்தான். மகன் எங்கே என்று ஊர் கேட்டது. தந்தி கொடுத்தேன், வேலை இருக்கிறது வரமுடியாது என்று பதில் போட்டான் என்று சொல்லிவிட்டேன். வேறு சொல்லத் தெரியவில்லை. நீ எழுதினாயே, யாருக்கு என்ன ஆனாலும் என்று. அந்தக் கடிதத்தைத்தான் காட்டினேன். சுப்பராயன் மாமா படித்துவிட்டு மடித்துக் கொடுத்தார். அப்பனுக்கு வராத பிள்ளைக்குத் தலைக்கட்டு எதற்கு என்று தை மாதச் சீட்டில் நம் பெயரைச் சேர்க்கவில்லை. பாடு போயிற்று. நான் ரோசம்மாளிடம் இறால் தோல் உரிக்கப் போகிறேன். கூலி தருகிறாள், குறை சொல்வதற்கில்லை.

கோபம் ஒன்றும் இல்லை தம்பி. கட்டிலுக்கு அளந்தேன் என்று எழுதினாய். தெரிந்திருந்தால் நைனாவிடம் சொல்லியிருப்பேன்.

நான் சுகமாகத்தான் இருக்கிறேன்.

செங்கம்மாள்


பொன்னேரி
22-2-79, வியாழக்கிழமை, காலை 5 மணி 10 நிமிடம்

அக்காவுக்கு,

உன் கடிதங்களை வரிசையாக வைத்துப் பார்த்தேன். மொத்தம் ஐந்து. முதல் இரண்டில் "நைனாவும் நானும்". அடுத்த இரண்டில் "நான்". நான் படிக்க வேண்டாம் என்று சொன்ன அந்த இரண்டு வரியில்தான் இருந்தது. கணக்கு உன் பக்கம் சரி. என் பக்கம்தான் எண்ணவில்லை.

ஆலையில் அன்றைய வேலைக் குறிப்பு எழுதும் லாகு புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். ஜனவரி 6, பகல் ஷிப்டு. மூன்றாவது எந்திரத்துக்குப் பேரிங் மாற்றியது. வேறு விசேஷம் இல்லை. என் கையெழுத்துத்தான். நீ தேதி எழுதினாய், மணி எழுதவில்லை. தெரிந்து ஒன்றும் ஆகப்போவதில்லை. ஆனாலும் நேரில் சொல்.

எனக்கு அழுகை வரவில்லை. வந்ததும் எழுதலாம் என்று மூன்று நாள் பார்த்தேன். அதனால்தான் பதில் தாமதம். வேலைக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறேன். சாப்பிடுகிறேன். ஃபோர்மனிடம் அந்த மருந்தைப் பற்றிச் சொல்லி வைத்திருந்தேன், அவர் தினமும் கேட்கிறார்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள். இறால் தோல் உரித்தால் விரல் வெடிக்கும். தேங்காய் எண்ணெய் தடவு.

இனிச் செய்யப்போவது:

1. சனிக்கிழமை 24ஆம் தேதி காலை முதல் பஸ்ஸில் பழவேற்காடு வருகிறேன். அங்கே மொட்டை போட்டுக்கொண்டுதான் படகு ஏறுவேன்.

2. ஊரில் கேட்டால், தந்தி வந்தது, நான்தான் வரவில்லை என்று சொல்வேன். நீ குறுக்கே பேசாதே. அந்தக் கடிதம் நான் எழுதியதுதான்.

3. கொள்ளி வைத்தது துளசிராமன். அதனால் நம் பாடு நாட்களை அவன் பெயரில் சேர்த்து, பாதி உனக்கு என்று கேட்பேன். திட்டுவார்கள். திட்டி முடிக்கும் வரை நின்று, மறுபடி கேட்பேன்.

4. சங்கத்தில் இருக்கும் தாளைப் பற்றி யாரிடமும் பேசமாட்டேன். பேசினால் வீடு போகும். அவர் கையைத் தூக்கிக் காட்டியது வீணாகும்.

5. வாரிசு என்ற இடத்தில் நீ போட்ட கையெழுத்துக்குப் பதிலாக, வீட்டில் பாதி செங்கம்மாளுக்கு என்று ஒரு தாள் எழுதி வைத்திருக்கிறேன். சட்டப்படி செல்லாது. கொண்டுவருகிறேன். கையெழுத்தோடு என் இடது பெருவிரலையும் வைத்தேன். முதல் தாளில் இழுபட்டுவிட்டது. இரண்டாவதிலும்.

6. சுண்ணாம்புக் கணக்குப் போட்ட அந்தப் பழைய படிவத்தைத் திருப்பிப் பார்த்தேன். கறைதான். ஓரத்தில், வலப்பக்கம், இரண்டு கோடு தெரிகிறது. முன்பு பார்க்கவில்லை. அதைச் சட்டம் போட்டு மாட்டமாட்டேன். மடிக்காமல் வைத்திருப்பேன்.

7. சைக்கிளை வெளியே எடுத்துவிட்டேன். கட்டில் வாங்கப் போகிறேன், அதே ஆறுக்கு இரண்டரை. நீ வந்து குந்து.

8. இனி உன் கடிதத்தை முதல் வரியிலிருந்து படிப்பேன்.

மணவாளன்